நாற்பத்தேழாம் பக்கத்துத் தட்டைப்புழு

அய்யலூர்,
5 ஆகஸ்ட் 2024

‘ஏஞ்சல் விலங்கியல் வழிகாட்டி’ நூலாசிரியர் பேராசிரியர் ஆ. ரோசலின் அவர்களுக்கு,

வணக்கம். நலம் விசாரித்துத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். ஆனால் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. மன்னிக்கவும்.

என் பெயர் புவனேஸ்வரி. விலங்கியலில் எம்.எஸ்சி., பி.எட். முடித்துவிட்டு, கல்யாணம் ஆகி எட்டு வருடம் புத்தகத்தையே தொடாமல் இருந்தவள். வீட்டுக்காரர் மணிமாறன் ஆடு வளர்த்துச் சந்தையில் விற்கிறார். ஆசிரியர் தேர்வு அறிவிப்பு வந்ததும் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் உங்கள் கைடை வாங்கினேன். ஆடு மேய்கிற இடத்தில் உட்கார்ந்து, அட்டை கிழிகிறவரை படித்தேன்.

போன வாரம் முடிவு வந்தது. ஒரே ஒரு மதிப்பெண்ணில் வேலை போய்விட்டது.

தயவுசெய்து நாற்பத்தேழாம் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். மூன்றாவது வரி. ‘தட்டைப்புழுக்கள் மூவடுக்கு உயிரிகள், உடற்குழி உற்றவை’ என்று அச்சாகியிருக்கிறது. ‘அற்றவை’ என்றல்லவா இருக்க வேண்டும்? மண்புழுவுக்கு உடற்குழி உண்டு. தட்டைப்புழுவுக்கு ஏது? தோலுக்கும் குடலுக்கும் நடுவே தலையணைக்குள் பஞ்சு அடைத்த மாதிரி திசு அடைத்துக் கிடக்கிறது. தேர்வில் நேராக அதையே கேட்டார்கள். கல்லூரியில் படித்தது ஒரு பக்கம் இழுத்தது, உங்கள் கைடு ஒரு பக்கம் இழுத்தது. பேராசிரியர் எழுதியிருக்கிறாரே என்று உங்கள் பக்கம் சாய்ந்தேன்.

‘அ’ இருக்க வேண்டிய இடத்தில் ‘உ’. அவ்வளவுதான் மேடம் வித்தியாசம்.

என் மாமியார் பேச்சாயி ஆரம்பத்திலிருந்தே, “புழுவப் பத்திச் சொன்னா கவர்மெண்டுல சம்பளம் குடுப்பாகளாக்கும்?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது அவர் பேச்சு நின்றுவிட்டது. பேசினால்கூடப் பரவாயில்லை, பரிதாபமாகப் பார்க்கிறார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

கடைசிப் பக்கத்தில் ‘பிழைகளை அஞ்சலில் தெரிவிக்கவும்’ என்று போட்டிருக்கிறீர்கள், போன் நம்பர் இல்லை. முடிவு வந்த அன்றைக்கு நம்பர் கிடைத்திருந்தால் வேறு மாதிரி பேசியிருப்பேன். கிடைக்காதது இருவருக்கும் நல்லதாகப் போயிற்று.

இப்படிக்கு,
ம. புவனேஸ்வரி


மேட்டுப்பட்டி, திண்டுக்கல்,
12 ஆகஸ்ட் 2024

அன்புள்ள திருமதி புவனேஸ்வரி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும். ஒரு வேளை இறங்கவில்லை. அது உண்மை.

கைடைத் தட்டச்சு செய்தது என் கணவர் ரொனால்டு. ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறார். கடிதத்தை அவர் முன்னால் விரித்து வைத்து, “அ-வும் உ-வும் உங்க கண்ணுக்கு ஒண்ணாவா தெரியுது?” என்று சண்டைக்குப் போனேன். “புரூஃப் பாத்தது நீதான?” என்றார். ஆகவே பிழை என்னுடையது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

நேற்றும் முந்தாநாளும் திண்டுக்கல்லில் நமது கைடு விற்கிற ஏழு கடைகளுக்கும் போய், இருக்கிற பிரதிகளை எல்லாம் வாங்கிப் பிரித்துச் சிவப்புப் பேனாவால் திருத்திவிட்டு வந்தேன். நானே திருத்திய ஒரு பிரதியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். விற்றுப்போனவற்றை என்ன செய்வது என்று தெரியவில்லை. அதை நினைத்தால்தான் பகீரென்கிறது.

ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன், கோபிக்கக் கூடாது. நாற்பத்தொன்பதாம் பக்கத்து அட்டவணையில் ‘உடற்குழி அற்றவை’ என்று சரியாகத்தான் இருக்கிறது. பக்கத்தைத் திருப்பிப் பார்த்திருக்கலாமே?

அந்தப் பாடத்தை முழுக்க ஒருமுறை படித்துவிட்டு, வேறு என்னென்ன தப்பு இருக்கிறதென்று எழுதினால் கடமைப்பட்டிருப்பேன். என் போன் நம்பரைக் கீழே குறித்திருக்கிறேன். கைடில் போடாததற்குக் காரணம், “மிஸ், நாளைக்கு என்ன கேள்வி வரும்?” என்று விடியற்காலையிலேயே கூப்பிடுகிறார்கள்.

ஆண்டவர் உங்களுக்கு நல்ல வழி காட்டட்டும்.

அன்புடன்,
ஆ. ரோசலின்


அய்யலூர்,
26 ஆகஸ்ட் 2024

அன்புள்ள ரோசலின் மேடம்,

நாற்பத்தொன்பதாம் பக்கத்தை ஏன் பார்க்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அதை ஆடு தின்றுவிட்டது. விளையாட்டுக்கு எழுதவில்லை. தண்ணீர் குடிக்க எழுந்து போன நேரத்தில் ஒரு வெள்ளாடு நாற்பத்தொன்பதையும் ஐம்பதையும் ஒரே கடியில் முடித்துவிட்டது. நல்ல தகவல் அடங்கிய பக்கத்தையே தேடித் தின்றிருக்கிறது.

ஏழு கடை ஏறி இறங்கினீர்கள் என்று படித்ததும் என் கோபம் கரைந்துவிட்டது. இனி நானும் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்குத் தப்பானது அந்த ஒரு கேள்வி மட்டும் இல்லை. வேறு பாடங்களில் முப்பதுக்கு மேல் தப்பு. அதற்கெல்லாம் யாருக்குக் கடிதம் எழுதுவது? உங்கள் முகவரிதான் கிடைத்தது.

போன் வேண்டாம் மேடம். போனில் பேசினால் பேச்சோடு போய்விடுகிறது. எழுதினால் எனக்குப் பாடமும் மனதில் நிற்கிறது.

தப்புகளைக் கேட்டீர்கள். ஐம்பத்தொன்றாம் பக்கத்தில் ஈரல் தட்டைப்புழுவின் படம் தலைகீழாக அச்சாகியிருக்கிறது. வாயும் உறிஞ்சியும் இருக்கிற கூம்பு முனை கீழே போய்விட்டது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் அதை உயிரோடு பார்த்திருக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் செம்மறி ஒன்று இளைத்துக்கொண்டே வந்து, தாடைக்குக் கீழே நீர் கோத்து, பை மாதிரி தொங்கியது. ஒருநாள் காலையில் செத்துக் கிடந்தது. கால்நடை டாக்டர் வந்து ஈரலை அறுத்துக் காட்டினார். பித்தக் குழாய்க்குள் வேப்பிலை அளவில், பழுப்பும் சாம்பலும் கலந்த நிறத்தில், பத்துப் பன்னிரண்டு. ஒன்றை உள்ளங்கையில் வைத்துக் கொடுத்தார். இலை ஒன்று தானாகச் சுருண்டு விரிந்த மாதிரி இருந்தது. “கொளத்து ஓரத்துல மேய விட்டியா?” என்று இவரைக் கேட்டார். நத்தைக்குள் வளர்ந்து வெளியே வருகிற குஞ்சுப் புழு, கரையோரப் புல்லில் ஒட்டிக்கொண்டு ஆட்டுக்காகக் காத்திருக்குமாம். அன்றைக்குத்தான் கல்லூரியில் மனப்பாடம் செய்த வாழ்க்கைச் சுழற்சி எனக்குப் புரிந்தது.

உங்கள் படத்தைப் பார்த்தால் நீங்கள் புத்தகத்தைப் பார்த்து வரைந்தது போலத் தெரிகிறது. நேரில் பார்த்ததுண்டா?

அன்புடன்,
புவனேஸ்வரி


மேட்டுப்பட்டி,
7 செப்டம்பர் 2024

அன்புள்ள புவனேஸ்வரி,

உன் கடைசி வரியை மூன்று முறை படித்தேன். ஒருமையில் எழுதுகிறேன், எனக்கு உன்னைவிட ஐந்தாறு வயது கூடத்தான் இருக்கும்.

பார்த்ததில்லை. உயிருள்ள தட்டைப்புழு ஒன்றைக்கூட நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. கல்லூரியில் ஒரே ஒரு கண்ணாடித் தகடு இருந்தது. அறுபது பேர் வரிசையில் நின்று நுண்ணோக்கியில் எட்டிப் பார்த்தோம். என் முறை வந்தபோது விளக்கு அணைந்துவிட்டது. “பாத்தாச்சுல்ல, நகரு” என்றார்கள். நகர்ந்துவிட்டேன். அதற்குப் பிறகு பதினைந்து வருடமாகச் சுடர் செல், ஏணி போன்ற நரம்பு, ஆண் பெண் இரண்டும் ஒரே உடம்பில் என்று பாடம் நடத்திக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் பேராசிரியர் இல்லை. தனியார் பள்ளி ஒன்றில் உயிரியல் மிஸ். ‘பேராசிரியர்’ என்று போட்டால்தான் கைடு போகும் என்று அச்சகத்தில் போட்டுவிட்டார்கள். நான் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை.

நீ எழுதிய அதே தேர்வை நானும் எழுதினேன். இதோடு மூன்றாவது முறை. எனக்கும் கிடைக்கவில்லை. கைடு எழுதியவளே தோற்றாள் என்று தெரிந்தால் யார் வாங்குவார்கள்? அதனால் வெளியே மூச்சு விடவில்லை. ஜனவரியில் மறுபடியும் எழுதப் போகிறேன். நீயும் எழுதத்தானே போகிறாய்? பட்டியலில் பார்த்தேன், நாம் இருவரும் ஒரே இடஒதுக்கீட்டுப் பிரிவு, ஒரே பாடம். போட்டிக்காரிகள்! இதற்குப் பிறகும் எழுதுவாயா?

பதிலுக்கு ஒன்று தருகிறேன். தட்டைப்புழு ஏன் தட்டையாக இருக்கிறதென்று என் பிள்ளைகளுக்கு நான் சொல்கிற விதம்: கனமாக அடை வார்த்தால் நடுவில் வேகாது, மெல்லிய தோசையென்றால் நடுவரைக்கும் சூடு போய்விடும். அந்தப் புழுவுக்கு மூச்சுறுப்பும் இல்லை, இரத்தக் குழாயும் இல்லை. பிராணவாயு தோல் வழியாகவே எல்லா இடத்துக்கும் போய்ச் சேர வேண்டும். தடிமனாக இருந்தால் நடுவில் இருக்கிற செல் என்ன செய்யும்? இதைக் கைடில் எழுதவில்லை. விளையாட்டாகத் தெரியுமென்று விட்டுவிட்டேன்.

அன்புடன்,
ரோசலின்


அய்யலூர்,
20 அக்டோபர் 2024

அன்புள்ள ரோசலின் அக்கா,

மேடம் போய் அக்கா வந்துவிட்டது. பேராசிரியரும் போகட்டும்.

போட்டியாவது ஒன்றாவது. தோசையை முதலில் கைடில் போடுங்கள். அன்றைக்கு அடுப்படியில் அதைச் சொன்னேன். மாமியார் கரண்டியும் கையுமாக நின்று கேட்டார். தட்டைப்புழுவுக்கு ஒரே ஒரு வாசல்தான், தின்பதும் வெளியேற்றுவதும் அது வழியாகத்தான் என்றதும், “அடக் கருமமே! இதப் படிக்கவா இம்புட்டு நாளா ஆட்டைக்கூட ஒழுங்காப் பாக்காம கெடந்த?” என்றார். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பரிதாபப் பார்வை ஒழிந்தது அக்கா.

நீங்கள் புழு பார்க்க வேண்டும். சிறுமலையில் என் சின்னம்மா ஜக்கம்மாள் மலைவாழைத் தோட்டம் வைத்திருக்கிறார். இந்த மழையில் வாழைமட்டைக்கு அடியில் ஒருவகைத் தட்டைப்புழு வரும். தலை மட்டும் அரை நிலா மாதிரி இருக்கும். தோட்டத்துக்குக் கீழே ஓடையும் உண்டு. பச்சை ஈரல் துண்டை நூலில் கட்டிக் கல்லுக்கடியில் போட்டு அரை மணி பொறுத்தால் சின்னச் சின்ன நன்னீர்த் தட்டைப்புழுக்கள், அதான் பிளனேரியாக்கள், வந்து ஒட்டிக்கொள்ளும். நானும் வருவதாக இருந்தேன். மூன்று ஆடு குட்டி போடுகிற நேரம், நகர முடியாது. சின்னம்மாவிடம் சொல்லிவிட்டேன். வருகிற சனிக்கிழமை போய்விட்டு வாருங்கள். அரைநிலாக்காரியைக் கையால் தொடாதீர்கள், குச்சியால் எடுங்கள்.

புவனா


மேட்டுப்பட்டி,
10 நவம்பர் 2024

என் அருமைப் புவனா,

பார்த்துவிட்டேன்!

பதினைந்து நாளாக எழுதாமல் இருந்ததற்குக் காரணம் பின்னால் வருகிறது. சனிக்கிழமை ரொனால்டையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. அத்தனை வளைவுக்கும் நின்றுகொண்டே போனதில் அவருக்குத் தலை சுற்றிவிட்டது. உன் சின்னம்மா எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “ஏம்மா, படிச்ச பிள்ளைக ரெண்டு பேரு புழுவப் பாக்கவா மலை ஏறி வந்தீக? ஊருல வேற சோலி இல்லையா?” என்றார். என்றாலும் வயிறார வாழைப்பழம் கொடுத்தார்.

மூன்றாவது மட்டையைத் தூக்கியதும் அது இருந்தது. பளபளவென்று, ஒரு சாண் நீளத்துக்கு, முதுகில் கோடு போட்டுக்கொண்டு. அரை நிலாத் தலையை அப்படியும் இப்படியும் ஆட்டியது. நான் அலறிய அலறலில் ரொனால்டு பாம்பு என்று நினைத்து இரண்டு பாத்தி தாண்டி ஓடிவிட்டார். அது எங்களைக் கண்டுகொள்ளவில்லை. ஒரு மண்புழுவைச் சுற்றி வளைத்திருந்தது. குச்சியால் மெதுவாகப் புரட்டினேன். வாய் தலையில் இல்லை, வயிற்றின் நடுவில்! அங்கிருந்து வெள்ளையாகத் தொண்டைக் குழாயை வெளியே நீட்டி மண்புழுவை உறிஞ்சிக்கொண்டிருந்தது. இதை நான் நூறு முறையாவது கரும்பலகையில் எழுதியிருப்பேன், புவனா. சேற்றில் முழங்காலிட்டு எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியாது. கடைசி பஸ்ஸும் போய்விட்டது. மிளகு மூட்டை ஏற்றிய ஜீப்பில் மூட்டைமேல் உட்கார்ந்து இறங்கினோம்.

இனி பதினைந்து நாள் கதை. ஓடையில் ஈரலுக்கு வந்த இரண்டு பிளனேரியாக்களை ஓடைத் தண்ணீரோடு ஒரு பாட்டிலில் கொண்டுவந்தேன். ஒன்றைப் புது பிளேடால் குறுக்கே வெட்டினேன். மனது கேட்கவில்லை, வெட்டும்போது கண்ணை மூடிக்கொண்டேன். பாட்டிலை அடுப்படி மேடையில் வைத்ததற்கு ரொனால்டு முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். ஆனால் தினமும் காலையில் எனக்கு முன்னால் எழுந்து பார்த்தது அவர்தான். பன்னிரண்டாம் நாள், “ஏ ரோசு, ஓடியா! வாலுக்குக் கண்ணு வந்திருச்சு!” என்று கத்தினார். ஆமாம். வால் துண்டுக்குத் தலை முளைத்து இரண்டு கறுப்புக் கண்புள்ளிகள். தலைத் துண்டுக்கு வால். இரண்டும் இப்போது தனித்தனியாகச் சுற்றுகின்றன.

பாடத்தை முதலிலிருந்து திருப்பி எழுதிவிட்டேன். தோசை இருக்கிறது. ‘பேராசிரியர்’ இல்லை.

உன் அன்புள்ள,
ரோசலின் அக்கா


மேட்டுப்பட்டி,
18 ஜனவரி 2025

அன்புள்ள புவனா,

பொங்கலெல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். ஆடுகளுக்கு மாலை போட்டீர்களா?

தேர்வு மையத்து வாசலில் கைடோடு நிற்பதாக எழுதியிருந்தாய். கைடோடு பதினேழு பேர் நின்றார்கள். “நீங்க புவனேஸ்வரியா?” என்று ஒருத்தியைக் கேட்டேன். “இல்லைங்க. ஆனா இந்தக் கைடு எழுதுன பொம்பளையப் பாத்தா ரெண்டு வார்த்த கேக்கணும்” என்றாள். அந்த இடத்தைவிட்டு எப்படி நகர்ந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

நல்லவேளை, தேர்வு முடிந்து வெளியே வரும்போது நீயே என்னைக் கண்டுபிடித்துவிட்டாய். இத்தனை காரசாரமாக எழுதுகிறவள் ஆறடி உயரமாவது இருப்பாள் என்று நினைத்திருந்தேன். நீ என் தோளுக்கு இருக்கிறாய்! பிரியாணிக் கடையில் விடைகளைப் பற்றிப் பேசக் கூடாது என்று நீ போட்ட உத்தரவு நல்ல உத்தரவு. பேசியிருந்தால் ஒருத்திக்கு அந்தச் சோறு இறங்கியிருக்காது.

ரோசலின் அக்கா


அய்யலூர்,
4 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்கா,

உத்தேச விடைகள் வெளியாகிவிட்டன. பார்த்திருப்பீர்கள். அதன்படி எனக்கு நூற்று ஏழு. விளிம்பில் நிற்கிறேன்.

ஒரு கேள்வியில் எனக்கு மனசு ஆறவில்லை. ‘மனித மூளையில் நாடாப்புழுவின் இளநிலைப் பைகள் தோன்றக் காரணம் என்ன?’ என்ற கேள்வி. நான் ‘புழுவின் முட்டை கலந்த உணவும் நீரும்’ என்று போட்டேன். அவர்கள் ‘சரியாக வேகாத பன்றி இறைச்சி’ என்று போட்டிருக்கிறார்கள். வேகாத கறியைத் தின்றால் குடலில் நாடாப்புழு வளரும். மூளைக்குப் போவது முட்டையால்தான். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, உங்கள் கைடிலும் கறி என்றுதான் இருக்கிறது.

எனக்கு இது ஏட்டுப் படிப்பு இல்லை அக்கா. எங்கள் தெருப் பெருமாள்சாமி அண்ணன் வீட்டில் கறி வாசனையே கிடையாது. அவர் மகளுக்குப் போன வருடத்துக்கு முந்தின வருடம் திடீரென்று வலிப்பு வந்தது. நானும் மதுரைக்குக் கூடப் போயிருந்தேன். ஸ்கேனைப் பார்த்துவிட்டு, நாடாப்புழுவின் பை மூளையில் இருக்கிறது என்றார் டாக்டர். “நாங்க கறியே தொட மாட்டோமே சாமி!” என்று அண்ணன் அழுதார். “கறியால வரலய்யா. புழு முட்டை ஒட்டுன கீரை, தண்ணி, கழுவாத கை. யாருக்கும் வரலாம்” என்றார் டாக்டர். மாத்திரையிலேயே குணமாகி இப்போது ஒன்பதாவது படிக்கிறாள். அதனால்தான் அந்தக் கேள்வியைப் பார்த்ததும் யோசிக்காமல் போட்டேன்.

ஆட்சேபம் தெரிவிக்க இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது. கைடு சான்றாகாதாம். பல்கலைக்கழகத் தரத்துப் புத்தகத்தின் பக்கம் வேண்டும் என்கிறார்கள். நான் எங்கே போவேன்? உங்களுக்குத் தெரிந்த இடத்தில் கிடைக்குமா?

புவனா


மேட்டுப்பட்டி,
12 பிப்ரவரி 2025

அன்புள்ள புவனா,

நீ சொன்னது சரி. எனக்குப் பாடம் நடத்திய கிளாரா மிஸ் வீட்டில் ஒட்டுண்ணியியல் புத்தகம் ஒன்று இருந்தது. மூன்று பக்கத்துக்குத் தெளிவாக எழுதியிருக்கிறது. அவற்றை ஸ்கேன் செய்து என் பதிவெண்ணிலேயே ஆட்சேபத்தை அனுப்பிவிட்டேன். பக்கங்களின் நகலை உனக்கும் வைத்திருக்கிறேன். நீயும் ஒன்று அனுப்பு. இரண்டு பேர் கேட்டால் கூடுதல் பலம்.

என் கைடில் இருந்த தப்பைச் சொல்ல ஏன் கூச்சப்படுகிறாய்? முதல் கடிதத்தில் உனக்குக் கூச்சமே இருக்கவில்லையே.

அந்தப் பெண் பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

ரோசலின் அக்கா


அய்யலூர்,
18 மே 2025

அக்கா,

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நான்கு தாள் கிழித்துவிட்டேன்.

பட்டியலில் என் பெயர் இருக்கிறது. நூற்று எட்டு. எங்கள் பிரிவில் கடைசி ஆள் நான்தான். இவர் ஆட்டுக்கொட்டகையில் நின்று ஊருக்கே கேட்கிற மாதிரி விசிலடித்தார். மாமியார் உள்ளே போய் எனக்கு மட்டும் இரண்டு முட்டை அவித்துக்கொண்டு வந்து வைத்தார்.

அப்புறம் உங்கள் பெயரைத் தேடினேன். நூற்று ஏழு.

ஒரு மதிப்பெண்ணில் போய்விட்டதே என்று வருத்தப்பட்டுக்கொண்டு இருந்தேன். போன வியாழக்கிழமை சந்தைக்கு ரொனால்டு அண்ணன் வந்திருக்கிறார். தேர்வு நாளில் பழகியவர்தானே என்று வீட்டுக்காரர் ஏதோ பேச்சுவாக்கில் கேட்க, அவர் வாய்தவறிச் சொல்லிவிட்டார். “மொத விடை வந்தப்ப அவளுக்கு நூத்தி எட்டு, தம்பி. அந்தப் பன்னிக் கறிக் கேள்விக்கு விடைய மாத்துனாக, ஒண்ணு போயிருச்சு” என்றாராம்.

உங்கள் கைடில் கறி என்று இருந்ததை என் கையாலேயே எழுதினேன். நீங்களும் அப்படித்தான் போட்டிருப்பீர்கள் என்று எனக்கு உறைக்கவில்லையே அக்கா! என் மதிப்பெண்ணே என் கண்ணை மறைத்துவிட்டது. நீங்களாவது சொல்லியிருக்கக் கூடாதா? உங்களிடமே போய்ப் புத்தகம் கேட்டேனே. உங்கள் வேலையை உங்கள் கையாலேயே பிடுங்கி என்னிடம் கொடுக்க வைத்துவிட்டேன்.

சேரச் சொல்லி உத்தரவு வரும். சேர எனக்குக் கால் வராது போலிருக்கிறது.

புவனா


மேட்டுப்பட்டி,
25 மே 2025

என் புவனா,

முதலில் சந்தோஷம். இரண்டு முட்டையையும் நீதானே சாப்பிட்டாய்?

ஆமாம், நான் போட்ட விடை கறிதான். என் கைடில் நானே எழுதியதை நானே நம்பிவிட்டேன். அதை உன்னிடம் சொல்லியிருந்தால் நீ ஆட்சேபம் அனுப்பியிருக்க மாட்டாய். அதனால் சொல்லவில்லை.

ஆனால் என்னைப் பெரிய மனுஷியாக்கிவிடாதே. கிளாரா மிஸ் வீட்டிலிருந்து புத்தகத்தை எடுத்து வந்து இரண்டு நாள் பைக்குள்ளேயே வைத்திருந்தேன். ரொனால்டு கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, எழுந்து வந்துவிட்டேன். “வேற யாராச்சும் அனுப்புவாக. நீ ஏன் உன் சோத்துல நீயே மண்ணு போடுற?” என்றார் அவர். என்மேல் உள்ள பாசத்தில் சொன்னது. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

மூன்றாம் நாள் பத்தாம் வகுப்பில் சுகாதாரப் பாடம். ஏஞ்சலின் என்று ஒரு பெண், என் மகள் பெயர்தான் அவளுக்கும். எழுந்து, “கறி சாப்பிடாதவங்களுக்கு இது வராதுல்ல மிஸ்?” என்றாள். ‘வராது’ என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. ‘வரும்மா’ என்று சொல்லிவிட்டு, அன்று சாயங்காலமே ஆட்சேபத்தை அனுப்பினேன். வகுப்பில் ஒன்றைச் சொல்லிவிட்டு விடைத்தாளில் வேறொன்றை வைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. கதை அவ்வளவுதான். உனக்காகச் செய்ததென்று நினைத்து அழாதே.

பட்டியல் வந்த அன்று நான் அழுதேன். நன்றாகவே அழுதேன். ரொனால்டு பஜ்ஜி வாங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். உன்மேல் கொஞ்சம் கோபம்கூட வந்தது, ஒரு மணி நேரத்துக்கு. இப்போது இல்லை.

நீ சேராவிட்டால் அந்த இடம் எனக்கு வராது. நூற்று ஏழு வாங்கியவர்கள் என்னோடு இருபத்திரண்டு பேர். அதனால் பைத்தியக்காரத்தனமாக ஏதும் செய்யாதே. போய்ச் சேர். அடுத்த தேர்வு எப்போது வந்தாலும் நான் எழுதுவேன். கைடை நம்பிப் படிக்க மாட்டேன்.

உன் அக்கா,
ரோசலின்


வேடசந்தூர்,
27 ஜூன் 2025

அன்புள்ள அக்கா,

சேர்ந்துவிட்டேன். சேர்ந்த பிறகுதான் எழுதுவது என்று இருந்தேன். உங்கள் கடிதத்தைப் படித்து ஒரு நாள் முழுக்க அழுதேன், அதற்கு மறுநாள் உங்களைத் திட்டினேன், மூன்றாம் நாள் சேலை வாங்கச் சின்னாளப்பட்டிக்குப் போனேன். ஒரே மாதிரி இரண்டு சுங்குடி எடுத்திருக்கிறேன். ஒன்று உங்களுக்கு. வாங்க மாட்டேன் என்று சொன்னால் ரொனால்டு அண்ணனிடம் கொடுத்துவிடுவேன், எப்படியாவது உங்களிடம் சேர்த்துவிடுவார்.

பதினோராம் வகுப்பில் நாற்பத்தொரு பேர். சத்தம் சந்தையைவிட அதிகம், ஆனால் எனக்குப் பழக்கம்தான். மாமியார் ஊரெல்லாம் “எங்க மருமக புழு டீச்சரு” என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்.

நேற்று தட்டைப்புழு நடத்தினேன். முதலில் கை கழுவுவதைச் சொன்னேன், பிறகு பாடம். நாடாப்புழுவுக்கு வாயும் கிடையாது, குடலும் கிடையாது, நம் குடலில் செரித்த உணவைத் தோல் வழியாகவே உறிஞ்சிக்கொள்ளும் என்று கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். பெயர் அஃப்சானா. “டீச்சர், வாயும் இல்ல, வயிறும் இல்லன்னா, அதுக்குப் பசிக்குமா?”

வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. உண்மையாகவே கேட்கிறாள்.

நானும் யோசித்துப் பார்த்தேன் அக்கா. தெரியவில்லை. எந்தப் புத்தகத்திலும் படித்த ஞாபகம் இல்லை. ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம்.

“தெரியலம்மா, கேட்டுச் சொல்றேன்” என்றேன்.

“யாருகிட்ட டீச்சர் கேப்பீங்க?” என்றாள்.

“திண்டுக்கல்லுல எங்க அக்கா ஒருத்தவங்க இருக்காங்க. அவங்ககிட்ட” என்றேன்.

புதன்கிழமை அடுத்த வகுப்பு. அதற்குள் எழுதிவிடுங்கள்.

உங்கள் தங்கை,
புவனா